வராதவருக்குப் போட்ட நாற்காலி

மனிதர்களில் ஒரு வகை உண்டு. நாற்காலியைக் காட்டுவார்கள், உட்காரச் சொல்ல மாட்டார்கள். கட்டிலைக் காட்டுவார்கள், அதில் கை ஊன்றினால் முகம் சுளிப்பார்கள். இவர்களுக்குச் சரித்திர வீட்டுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் வைக்க எனக்கென்ன தகுதி என்று கேட்காதீர்கள். அப்படி ஒருவருடைய வீட்டில், அவருடைய சாமான்களுக்கு நடுவே, எதன் மீதும் மேல் படாமல் பதினான்கு மாதம் குடியிருந்தவன் நான்.

சாதாரண வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். ஆணி அடிக்காதே என்பார், தண்ணீரைப் பார்த்துச் செலவு செய் என்பார், மாடிக்குப் போனால் செருப்புச் சத்தம் கேட்கிறது என்பார். அவரைச் சமாளித்துவிடலாம். சரித்திர வீட்டுக்காரர் வேறு ரகம். ஊருக்கு வெளியே, இரண்டு பக்கமும் மரம் நிற்கிற நீண்ட மண்பாதையின் முடிவில், நூற்றைம்பது வயதான ஒரு பெரிய வீட்டைப் பரம்பரையாகப் பெற்றுக்கொண்டு, அதை விற்கவும் மனமில்லாமல், கட்டிக் காக்கவும் முடியாமல், பகுதி பகுதியாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறவர் அவர். விளம்பரத்தில் 'சகல சாமான்களுடன்' என்று போட்டிருப்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. சாமான்கள் எல்லாம் இருக்கும். நாம் இருக்கத்தான் இடம் தேட வேண்டும்.

அப்படியானால் நீ ஏன் அங்கே போனாய் என்பீர்கள். ஆசை யாரை விட்டது? என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிறது, இதற்கு மேல் ஒரு வீட்டிடம் என்ன கேட்கிறீர்கள் என்றாள். நான் கேட்டேன். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, பதினெட்டு வருடமாக அடுத்தவன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு, 'நாங்க இருக்கிறது பழைய காலத்து மாளிகை' என்று ஒருநாளாவது பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று இருக்காதா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். வீட்டின் மேற்குப் பகுதி, மூன்று அறை, பன்னிரண்டு ஜன்னல்.

இந்த வகையை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். சாவியைக் கொடுக்க மாட்டார். அறிமுகம் செய்து வைப்பார். எங்கள் வீட்டுக்காரர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் தூசி தட்டும் தூரிகை ஒன்று இருக்கும். அவர் ஒரு சாண் நீளச் சாவியை உள்ளங்கையில் ஏந்தி, அதன் வயது, எடை, அதைச் செய்தவரின் ஊர் எல்லாவற்றையும் சொல்லி என்னிடம் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கிப் பூட்டில் நுழைத்தேன். திறக்கவில்லை. அந்தப் பூட்டு போன தலைமுறையிலேயே கெட்டுவிட்டதாம். கதவைத் திறக்கிற சாவி வேறு. அதைப் போகிற போக்கில், ஒரு பழைய செருப்பைத் தள்ளிவிடுவது போலத் தந்தார்.

அடுத்தது சாமான் பட்டியல். இந்த வகையின் பெரிய சடங்கு இதுதான். தடித்த நோட்டு ஒன்றை விரித்து, நூற்று நாற்பத்து மூன்று சாமான்களுக்கும் எதிரே எங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் நிறுத்தி, இது எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது, எந்தப் பெரியவர் இதன் மீது கை வைத்துக்கொண்டு எந்த வழக்கைப் பற்றிப் பேசினார், எந்த வருடத்து மழையில் நனைந்து எத்தனை நாள் காய்ந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, தோளில் தொங்கிய பையைக்கூட இறக்கி வைக்காமல் நாங்கள் மூன்று மணி நேரம் நின்று கேட்டோம். எங்கே இறக்கி வைப்பது? நோட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று கட்டங்கள் இருந்தன. புழங்கலாம், தொடலாம், பார்க்கலாம். பார்க்கலாம் என்பதில் நூற்றுப் பதினெட்டு. தொடலாம் என்பதில் இருபத்திரண்டு, அதுவும் துடைப்பதற்காக. புழங்கலாம் என்பதில் மூன்று: ஒரு வாளி, ஒரு துடைப்பம், வாசலில் ஒரு மிதியடி. கணக்கு டீச்சர் மனசுக்குள் கூட்டிச் சரிபார்த்துவிட்டு, கட்டில் எதில் வருகிறது என்று கேட்டாள். தொடலாம் என்பதில் என்றார். படுக்கலாமா என்றாள். தாராளமாகப் படுக்கலாம், புரள மட்டும் வேண்டாம் என்றார். பதினான்கு மாதமும் நாங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துத்தான் படுத்தோம்.

கெட்டுப்போனது, உடைந்தது என்ற சொற்கள் இவர்கள் அகராதியில் கிடையாது. கூடத்தில் ஆளுயரக் கடிகாரம் ஒன்று நான்கு இருபதில் நின்றிருந்தது. நின்றுவிட்டதா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். "நிக்கல சார், நிறுத்தி வெச்சிருக்கு" என்றார். மழைக்காலம் வந்தது. கூடத்து மூலையில் சொட்ட ஆரம்பித்தது. சொட்டு என்றாலே எனக்குப் புகார்ப் படிவம்தான் ஞாபகம் வரும். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வந்து அண்ணாந்து பார்த்தார். பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது. அந்த இடத்தில் எப்போதும் சொட்டுமாம். அதற்கென்றே ஒரு பாத்திரம் உண்டாம். நோட்டில் அறுபத்தேழாம் எண். எடுத்து வைக்கலாமே என்றேன். ஈரம் பட்டால் அதில் களிம்பு ஏறிவிடும் என்றார். எங்கள் பங்குக்குக் கிடைத்த மூன்றில் ஒன்றான வாளியை அங்கே வைத்தோம்.

ஜன்னல் பன்னிரண்டு என்றேனே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெயில் பட்டால் தரைவிரிப்பு வெளுத்துவிடும். ஆகவே காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை திரைச்சீலை மூடியிருக்க வேண்டும். விடுமுறை நாளில் நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு என் மனைவி விடைத்தாள் திருத்துவாள். தரைவிரிப்பு அவளைவிட வசதியாகப் படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்காரர் தூரிகையோடு வருவார். எப்படி இருக்கிறீர்கள் என்று எங்களைக் கேட்டதே இல்லை. அலமாரியிடம் போய் நிற்பார், அதன் கதவோரத்தில் மூக்கை வைத்து ஒருமுறை உறிஞ்சுவார், "பரவால்ல, நல்லா இருக்கு" என்பார். நாங்களும் அப்பாடா என்று மூச்சு விடுவோம். சம்பளம் கொடுக்காமல் காவலாளி வைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். மாதாமாதம் காவலாளியிடமே வாடகை வாங்கியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

ஆரம்பத்தில் நானும் என் மனைவியும் அவர் போனதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். கடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து, பதினோரு சரித்திர நாற்காலிகளுக்கு நடுவே போட்டுக்கொண்டோம். பிறகு, எப்போது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை, அவள் மட்டும் சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் குடும்பத்தோடு வந்தார். நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு சாமான் சாமானாகச் சுற்றினேன். ஒன்றரை மணி நேரம். கடிகாரத்தின் முன்னால் நின்று அவர், 'இது ரிப்பேரா?' என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் தரையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள், மறுபடி வரவில்லை. அடுத்த வாரம் நானும் ஒரு தூரிகை வாங்கினேன். "நீங்களும் அவரை மாதிரியே மூக்கை உறிஞ்சறீங்க" என்றாள் என் மனைவி. சளி என்றேன்.

இப்போது முதலாம் எண் சாமானுக்கு வருகிறேன். கூடத்தின் நடுவே, மேற்கு ஜன்னலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. உயரமானது. நேரான முதுகு, அகலமான கைப்பிடிகள், தோல் இருக்கை. ஒரு கைப்பிடியிலிருந்து இன்னொரு கைப்பிடிக்குச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். நூற்றுப் பத்து வருடத்துக்கு முன்னால், வீட்டுக்காரருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில், பெரிய மனிதர் ஒருவர் அந்த வழியாகப் பயணம் போகையில் இந்த வீட்டில் அரைமணி நேரம் இளைப்பாறுவதாகத் தகவல் வந்ததாம். அவருக்கென்று செய்த நாற்காலி. வீட்டுக்கு வெள்ளையடித்து, பாதையில் மணல் பரப்பி, குடும்பமே வரிசையாக வாசலில் நின்றிருக்கிறது. பெரிய மனிதர் வேறு பாதையில் போய்விட்டார். பாழாய்ப்போன மனிதர் ஒரு வரி எழுதிக்கூடப் போடவில்லை. அன்றிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை.

இந்தக் கதை இதோடு நின்றிருந்தால் எனக்கு இன்று வெட்கம் இல்லை. என் மனைவியின் அண்ணனுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர். ஆஸ்பத்திரி எங்கள் ஊரில். வாரம் ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதால் ஆறு வாரம் எங்களோடு தங்குவதாக ஏற்பாடு. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தாழ்வாக உட்காரக் கூடாது, குனிந்து எழக் கூடாது, உயரமான, முதுகு நேரான, கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து பழக வேண்டும். ஆறாவது வாரம் பணிமனையில் ஒரு சோதனை. ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து காட்டினால் ஸ்டியரிங் கிடைக்கும். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஓட்டுவதைத் தவிர வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி தங்கையிடம் சொல்லி அழுதாராம்.

எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வானது, சாய்ந்தால் வளையும். கடைகளில் தேடினோம். எல்லாம் ஆளை விழுங்குகிற சோபாக்கள், இல்லாவிட்டால் சுற்றுகிற நாற்காலிகள். செய்து கொடுக்க மூன்று வாரம் ஆகும் என்றார் தச்சர். "மூணு வாரம் எங்க அண்ணன் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, என் மனைவி கூடத்தின் நடுவே பார்த்தாள். நானும் பார்த்தேன். டாக்டர் சொன்ன அளவுக்கென்றே செய்த மாதிரி இருந்தது அது.

வீட்டுக்காரரிடம் கேட்கப் போனேன். வீட்டின் பின்கட்டில், ஒரு காலத்தில் விறகு அடுக்கிய அறையில் அவர் குடியிருந்தார். அன்றுதான் முதல் முறையாக உள்ளே நுழைகிறேன். ஒரு மடக்குக் கட்டில், ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு அலுமினியத் தட்டு. மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு அறை வீட்டின் சொந்தக்காரர். விஷயத்தைச் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "மத்த நாற்காலிக்கெல்லாம் யார் யார் உக்காந்தாங்கன்னு பெருமை சார். இதுக்கு யாருமே உக்காரலங்கறதுதான் பெருமை. நானே உக்காந்ததில்ல" என்றார். யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மனிதன் முக்கியமா மரம் முக்கியமா என்று கேட்டிருக்க வேண்டும். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று என் மனைவியிடம் வேறு சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரரிடமிருந்தும் பதில் இல்லை.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு மச்சான் காரில் வந்து இறங்கினார். இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை, பட்டையில் நாலு கொக்கி. ஒரு பக்கம் தங்கை தாங்கிக்கொள்ள, மறுபக்கம் சுவரைப் பிடித்து அடி அடியாக நடந்து கூடத்துக்கு வந்தார். அவர் கொண்டுவந்த பெட்டி கதவில் உரசாமல் வருகிறதா என்று பார்க்க வீட்டுக்காரரும் தூரிகையோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். மச்சான் நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த களைப்பையும் மீறி அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். "அட, நம்ம டிரைவர் சீட்டு மாதிரியே இருக்கே" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைப் பற்றி, மெல்ல உட்காரப் போனார்.

"அதுல மட்டும் உக்காராதீங்க" என்று ஒரு குரல் அலறியது.

வீட்டுக்காரர்தான் என்று நினைத்து வாசலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் பாதி குனிந்தபடி அப்படியே நின்றுவிட்டார். எந்த நிலையில் ஒரு நொடிகூட இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரோ அந்த நிலை. உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. நெற்றியில் வியர்வை அரும்பியது. அவர் முழங்கையைப் பிடித்திருந்த என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வெட்கத்தில் நான் செத்திருக்க வேண்டும். அப்போதும் என் கண் அவருடைய பட்டைக் கொக்கி மீதுதான் இருந்தது.

வீட்டுக்காரர் தூரிகையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். "உக்காருங்க ஐயா" என்றார். "வர்றேன்னு சொன்னவரு வரவே இல்ல. வந்த நீங்க எதுக்கு நிக்கணும்?"

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. கொக்கி பட்டால் தோலில் கோடு விழுந்துவிடும் சார் என்றேன்.

மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "சாமியே வரம் கொடுத்துட்டாரு மாப்ள. பூசாரி கொஞ்சம் நகருங்க" என்றார். நான் நகர்ந்தேன். அவர் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு சின்னச் சத்தம் போட்டது. பிறகு அதுவும் நிம்மதியாக இருந்த மாதிரிதான் தெரிந்தது.

அன்று மாலையே வீட்டுக்காரர் நோட்டைக் கொண்டுவந்து, முதலாம் எண்ணைப் பார்க்கலாம் என்ற கட்டத்திலிருந்து புழங்கலாம் என்ற கட்டத்துக்கு மாற்றி, தேதி, மணி எல்லாம் போட்டு, மச்சானிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் தினமும் வர ஆரம்பித்தார். மச்சானுக்கு வெளிச்சம் வேண்டும் என்று மேற்கு ஜன்னலின் திரைச்சீலையை அவரே விலக்கினார். நான்காவது வாரம், அலுவலகத்திலிருந்து கொஞ்சம் சீக்கிரமாக வந்தேன். மச்சான் நடை பழகிக்கொண்டிருந்தார். நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். முதுகை ஒட்டி வையுங்கள், காலைத் தரையில் ஊன்றுங்கள் என்று மச்சான் சொல்லிக்கொடுக்க, அவர் கைப்பிடிகளைத் தடவிக்கொண்டு, பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்த பள்ளிப் பிள்ளையைப் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். "சும்மா ரெண்டு நிமிஷந்தான் சார்" என்றார்.

தன் வீட்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக, எழுபது வயது மனிதர் குடித்தனக்காரனிடம் மன்னிப்புக் கேட்கிறார். பரவாயில்லை, பார்த்து உட்காருங்கள் என்று நானும் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

ஆறாவது வாரம் பணிமனையில் மச்சான் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து காட்டினார். ஸ்டியரிங் கிடைத்தது. இப்போதும் அதே வழித்தடத்தில் ஓட்டுகிறார். எங்கள் பக்கம் வரும்போது ஹாரனை இரண்டு முறை அடிப்பார். அவர் ஊருக்குப் போன மறுநாள் காலை நான் முதல் வேலையாகச் சிவப்புக் கயிற்றைத் தேடி எடுத்து நாற்காலியில் கட்டினேன். மாலை வந்து பார்த்தால் கயிறு அங்கே இல்லை. என் மனைவி பாத்திரப் பெட்டியை அதைக்கொண்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அந்த இரண்டு அறை வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

ஆக, நாங்கள் இப்போது குழாயில் தண்ணீரும் ஜன்னலில் காற்றும் வருகிற வீட்டில் இருக்கிறோம். ஒரு நல்ல சோபா வாங்கினோம். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், தூசி படுமே என்று. உறை கிழியாமல் இருக்க மேலே ஒரு விரிப்பு. விரிப்பு அழுக்காகாமல் இருக்க அதன் மேல் ஒரு பழைய துண்டு. நான் அதற்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஆறு கோப்பைகள் இருக்கின்றனவே, கல்யாணத்துக்கு வந்தவை, அவற்றில் யார் கடைசியாகக் குடித்தார்கள்? நல்ல படுக்கை விரிப்பு யாருக்காக மடித்தபடி இருக்கிறது? அவர் வரும்போது எடுக்கலாம் என்கிறீர்கள். அவர் வேறு பாதையில் போய்விட்டார், நூற்றுப் பத்து வருடம் ஆகிறது. அதெல்லாம் கிடக்கட்டும். இதை நீங்கள் உட்கார்ந்து படிக்கிறீர்களே, அது உங்கள் வீட்டு நல்ல நாற்காலியா, அல்லது அதற்குப் பக்கத்தில் கிடக்கிற மற்றதா?